முதல் வளைவில் தெரிந்த பந்தல்

கிள்ளானிலிருந்து கெடாவுக்கு இரண்டு நாள் பஸ் சுற்றுலா என்று எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கத்தில் அறிவித்தபோது முதலில் கையைத் தூக்கியவன் நான்தான். அரசாங்க இலாகாவில் வேலை பார்த்த காலம் முழுக்க நான் ஊர் பார்க்கப் போனவனில்லை. கல்யாணம், சாவு, திருவிழா, இந்த மூன்றுக்கும்தான் பயணம். போன இடத்தில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கக்கூட நேரமிருக்காது. அதனால் பார்ப்பதற்கென்றே ஓர் ஊருக்குப் போவது எனக்குக் கொஞ்சம் பெருமையான காரியமாகத் தோன்றியது. வெயிலுக்கென்று புதிய தொப்பி ஒன்றும் வாங்கி வைத்தேன். என் மனைவி மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். தொப்பியைப் பார்த்துவிட்டு, "கோல்ஃப் வெளையாடவா போறீங்க?" என்றாள்.

பஸ் கிளம்பியதிலிருந்தே அவசரம். எங்கள் வழிகாட்டி கெட்டிக்காரத் தம்பி. முப்பது வயதுகூட இருக்காது. கழுத்தில் விசில் தொங்கும். "அண்ணே, அக்கா, டைம் இல்ல லா!" என்பதுதான் அவனுடைய காலை வணக்கம், மாலை வணக்கம் எல்லாம். அலோர் ஸ்டார் கோபுரத்தில் லிஃப்ட்டுக்காக நின்ற நேரம் மேலே நின்ற நேரத்தைவிட அதிகம். நெல் அருங்காட்சியகத்தில் ஒரு மேடை மெதுவாகச் சுழலும். அதில் உட்கார்ந்தால் சுவர் முழுக்க வரைந்திருக்கும் வயல்வெளி நம்மைச் சுற்றி வரும். எனக்குப் பாதி வயல்தான் வந்தது. அதற்குள் விசில்.

பூஜாங் பள்ளத்தாக்கில்தான் எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய கோயில்களின் அடித்தளக் கற்கள் மரங்களுக்கு நடுவே கிடக்கின்றன. கடல் தாண்டி வந்தவர்கள் கட்டியவை என்று பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து பார்க்க வேண்டும் என்று இருந்தேன். ஒரு கல்லில் தூண் நட்ட குழியில் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. குனிந்து அதில் விரலை வைத்தேன். விசில்.

"தம்பி, இதப் பாக்கத்தானே வந்தோம்?"

"அண்ணே, கல்லு எங்கயும் ஓடிறாது. கருவாட்டுக் கடைய மூடிருவான்."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். கருவாட்டுக் கடையில் எங்கள் கூட்டம் நின்ற நேரத்தில் நான் அந்தக் கற்களை ஒவ்வொன்றாக எண்ணியே முடித்திருக்கலாம். அன்று இரவு சுங்கை பட்டாணி ஹோட்டலில், "பொறுப்பு மட்டும் என் கையில இருந்தா இந்தப் பயணத்த வேற மாதிரி நடத்துவேன்" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தாள்.

மறுநாள் காலை ஜெராய் மலை. பெரிய பஸ் மேலே ஏறாது. குருண் என்ற ஊரில், மலையடிவாரத்தில் இறங்கி வேன்களில் ஏறினோம். உச்சியில் ஒரே மூட்டம். பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியவில்லை. ஏமாந்துபோய் நின்றுகொண்டிருந்தோம். திடீரென்று காற்று அடித்து மூட்டம் ஓரிடத்தில் கிழிந்தது. கீழே, நெடுந்தூரம் கீழே, வயல்கள் கட்டம் கட்டமாகத் தண்ணீரோடு மின்னின. அதற்கப்பால் கடல். எப்போதும் எதையாவது படம் பிடித்துக்கொண்டே இருக்கும் எங்கள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மாகூடக் கைபேசியை இறக்கிவிட்டார். என் மனைவி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். இதற்காக இன்னும் பத்து விசிலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த இரண்டு நாளில் நான் முழுமையாகச் சந்தோஷமாக இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். பின்னால் நடந்தவற்றால் அது இல்லாமல் போய்விடவில்லை என்பதற்காகவே இதையும் எழுதுகிறேன்.

கீழே இறங்கியதும் வினை ஆரம்பித்தது. அவசர அவசரமாக வேன்களில் ஏற்றியதில் ஒரு தம்பதியை மேலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். வழிகாட்டி தலையில் கை வைத்தான். கவலைப்பட நேரமில்லை, அடுத்து மதியச் சாப்பாடு ஒரு செம்பனைத் தோட்டத்துக் குடியிருப்பில் ஏற்பாடாகியிருந்தது. 'தோட்டத்துச் சமையல், தோட்டத்து மக்களோடு' என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள்.

"அண்ணே, நீங்கதான் விவரமானவரு" என்று நேராக என்னிடம் வந்தான். "நான் வேன்ல மேல போயி அவங்கள கூட்டிட்டு வந்துர்றேன். நீங்க முன்னாடி உக்காந்து டிரைவருக்கு வழி காட்டுங்க. சுங்கை லாலாங் ரோட்டுல தோட்டத்து போர்டு வரும். உள்ள போனா கோயிலு. கோயில் பக்கத்துல பந்தல் போட்டிருப்பாங்க, நம்ம அக்காங்க சமைச்சி வச்சிருப்பாங்க. சாப்ட்டு முடிங்க, நான் வந்துர்றேன்."

விசிலைக் கழற்றி என் கையில் கொடுத்தான். நான் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

மாட்டிக்கொள்ளாமல் பையில் போட்டிருக்கலாம். மாட்டிக்கொண்டேன்.

பஸ் ஓட்டுநர் ஒரு மலாய்க்காரர், ஜொகூர் பக்கத்து ஆள். கெடா அவருக்குப் புதிது. நான் முன் இருக்கையில் உட்கார்ந்து, "கிரி, கிரி" என்று இடதுபக்கம் கை காட்டிக்கொண்டு வந்தேன். தோட்டத்துப் பலகை வந்தது. உள்ளே இருபக்கமும் செம்பனை. சாலை முதல் வளைவில் திரும்பியதும் ஒரு வரிசை வீடுகளும், அதில் ஒரு வீட்டு வாசலில் பெரிய பந்தலும், மேசை நாற்காலிகளும் தெரிந்தன. அண்டாக்களிலிருந்து ஆவி பறந்தது. கோயில் எங்கே என்று நான் தேடவில்லை. "ஸினி, ஸினி!" என்று மலாயில் கத்தி, அங்கேயே பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன்.

முதலில் இறங்கி, எங்கள் ஆட்களை வரிசையாக இறக்குவதற்காக விசிலை ஊதினேன். பந்தலுக்குள் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் வேகமாக வந்து கும்பிட்டார். "வாங்க, வாங்க. குருண்லேருந்துதானே வர்றீங்க?"

"ஆமாங்க, குருண்லேருந்து நேரா இங்கதான் வர்றோம்" என்றேன். உண்மைதானே.

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இத்தன பேரு வருவீங்கன்னு நெனைக்கல. பெரிய மனசுங்க ஒங்களுக்கு. உக்காருங்க, மொதல்ல சாப்புடுங்க."

இப்படி ஒரு உபசரிப்பா என்று எனக்கு நெகிழ்ச்சியாகிவிட்டது. அங்கே பாட்டு எதுவும் போடவில்லை. பெண்கள் யாரும் பட்டு உடுத்தவில்லை. பேச்சுக்கூடத் தாழ்ந்த குரலில்தான் இருந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன். தோட்டத்து மக்கள் அடக்கமானவர்கள் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். என் அப்பாவும் அலுவலக வேலைக்காரர். நாங்கள் பட்டணத்துக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள். தோட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பிறர் சொல்லிக் கேட்டதுதான். ஆனால் ஒரு வீட்டின் முகத்தைப் பார்த்து அது என்ன வீடு என்று தெரிந்துகொள்ளத் தோட்டத்தில் பிறந்திருக்க வேண்டியதில்லை.

இலை போட்டார்கள். மொட்டையடித்த இளைஞன் ஒருவன் சோறு பரிமாறினான். எங்கள் மேசையில் ஒருவர், "என்னா தம்பி, மொட்ட பத்துமல முருகனுக்கா?" என்று கேட்டார். அவன் அவரை ஒரு நிமிடம் பார்த்தான். "இல்லங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனான்.

ஆட்டுக்கறிப் பிரட்டல், முருங்கைக்கீரை, அவித்த முட்டை, வடை, பாயசம். எல்லாவற்றையும்விடக் கருவாட்டுக் குழம்பு. கத்திரிக்காயும் மாங்காயும் போட்டுச் சுண்ட வைத்திருந்தார்கள். மலைக் காற்றில் நின்று வந்த பசி வேறு. இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம். பின்வரிசையில் யாரோ ரசத்தில் உப்புப் போதவில்லை என்று திருப்பி அனுப்பியதும் என் காதில் விழுந்தது. என் மனைவி, குழம்பு ஊற்ற வந்த பெண்ணிடம், "யாரும்மா இந்தக் கொழம்ப வச்சது?" என்று கேட்டாள்.

"அப்பாவுக்குப் புடிக்கும்னு அம்மா வைக்கச் சொன்னாங்க" என்றாள் அந்தப் பெண்.

"ஒங்க அப்பா குடுத்து வச்சவரும்மா!"

அந்தப் பெண் குழம்பு வாளியோடு அப்படியே நின்றாள். பிறகு வேகமாக வீட்டுக்குள் போய்விட்டாள். வெட்கப்படுகிறாள் என்று என் மனைவி என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

தலைமையாசிரியை அம்மா எழுந்து பந்தலைச் சுற்றி வந்து காணொளி எடுத்துக்கொண்டிருந்தார். "பாருங்க, நம்ம தோட்டத்து மக்களோட பாசத்த பாருங்க. இந்த அன்பு பட்டணத்துல கெடைக்குமா?" என்று பேசியபடியே சமையல் இடம், பரிமாறுகிறவர்கள், வாசற்படி, திறந்திருந்த கதவு என்று எல்லாவற்றையும் பிடித்தார். அப்போதே சங்கத்து வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பிவிட்டார்.

சாப்பாடு முடியும் நேரத்தில், பொறுப்பில் இருப்பவன் இரண்டு வார்த்தை நன்றி சொல்ல வேண்டாமா என்று எனக்குத் தோன்றியது. எழுந்து நின்றேன். விசிலை ஊதி எல்லோரையும் அமைதிப்படுத்தினேன்.

"இந்த வீட்டுக்காரங்களுக்கு எங்க எல்லாரு சார்பாவும் நன்றி. இப்படி ஒரு விருந்த நாங்க சாப்ட்டதே இல்ல. இந்த வீட்டுல இந்த மாதிரி விசேஷம் அடிக்கடி நடக்கணும், நாங்களும் அடிக்கடி வரணும்."

எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். நன்றாகவே தட்டினார்கள். அந்த வீட்டைச் சேர்ந்தவர்களில் ஒருவர்கூடத் தட்டவில்லை. சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி கையை நீரிலேயே வைத்தபடி என்னைப் பார்த்தார். வெள்ளை வேட்டிப் பெரியவரின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் என்னிடம் வந்து, மெதுவாக, "உள்ள போயி தம்பி பொண்டாட்டியப் பாத்து ஒரு வார்த்த பேசிட்டு வந்துருங்க" என்றார்.

சமையலுக்குத் தலைமையேற்ற பெண்மணியாக இருக்கும், பாராட்ட வேண்டியதுதான் என்று உள்ளே போனேன்.

கூடத்தில் பாய் விரித்திருந்தது. சுவரோரம் ஒரு நாற்காலியில் மாலை போட்ட படம். ஐம்பதைத் தாண்டிய மனிதர். காக்கிச் சட்டை. சிரிக்கத் தெரியாமல் படத்துக்காகச் சிரித்திருந்தார். முன்னால் குத்துவிளக்கு. இலை போட்டு வெளியே நாங்கள் சாப்பிட்ட அத்தனையும் படைத்திருந்தது. கருவாட்டுக் குழம்பும் இருந்தது. ஓரத்தில் ஒரு கோப்பைக் காப்பி, ஒரு சிகரெட் பாக்கெட். பாயில் உட்கார்ந்திருந்த பெண்ணின் நெற்றி வெறுமையாக இருந்தது.

தொப்பியைக் கழற்றினேன். விசிலைச் சட்டைக்குள் தள்ளினேன்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். "வாங்கண்ணே. நீங்கதான் அவருகூட நைட் ஷிஃப்ட்டு பஸ்ஸு ஓட்டுனவரா?"

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அவர் கணவர் குருணில் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டியவர். அன்று அவருடைய பதினாறாம் நாள் காரியம். தொழிற்சாலையிலிருந்து பஸ்ஸில் ஆட்கள் வருவார்கள் என்று காத்திருந்திருக்கிறார்கள். பஸ்ஸில் வந்திறங்கி, குருணிலிருந்துதான் வருகிறோம் என்று சொன்னது நாங்கள்.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கணவரைப் பற்றி நான் ஏதாவது சொல்வேன் என்று அந்தக் கண்கள் காத்திருந்தன.

"இல்லம்மா" என்றேன். "எனக்கு அவரத் தெரியாது. நாங்க கிள்ளான்லேருந்து வந்தவங்க. டூர்ல வந்தோம்மா. எடம் மாறி வந்துட்டோம்."

"டூரா?"

"ஆமாம்மா. சுத்திப் பாக்க."

"இங்க என்னா இருக்கு பாக்க?" என்று கேட்டார்.

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தோட்டத்துச் சமையல், தோட்டத்து மக்களோடு என்று எப்படிச் சொல்வது?

"எல்லாரும் சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டோம்மா."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் வெளியே பஸ் ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தேன். எங்கள் பஸ்ஸுக்குப் பின்னால் இன்னொரு பஸ் வந்து நின்றது. அதிலிருந்து தொழிற்சாலைச் சீருடையில் ஆட்கள் இறங்கினார்கள். தமிழர்கள், மலாய்க்காரர்கள், நேப்பாளத்துப் பையன்கள் சிலர். ஒருவர் கையில் பெரிய மாலை. வேலைக்கு நடுவில் அனுமதி வாங்கி வந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் நடையிலேயே தெரிந்தது. மாலை வைத்திருந்தவர் நேராக உள்ளே வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், படத்தின் முன் நின்று அழ ஆரம்பித்தார். அவர்தான் நைட் ஷிஃப்ட் ஆள்.

நான் சுவரோரமாக ஒதுங்கி வெளியே வந்தேன். மொட்டையடித்த இளைஞன் அண்டாவைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். இறந்தவரின் மகன் அவன். அடியில் கொஞ்சம் சோறுதான் ஒட்டியிருந்தது. கறிச்சட்டி காலி. அவன் பஸ்ஸில் கட்டியிருந்த எங்கள் சங்கத்தின் பதாகையை வாசித்தான். பிறகு என்னை வாசித்தான் என்றுதான் சொல்ல வேண்டும்.

சட்டைப்பையில் கைபேசி அடித்தது. வழிகாட்டி. "அண்ணே, எங்க இருக்கீங்க? கோயில்லேருந்து அக்காங்க போன் போட்டுக்கிட்டே இருக்காங்க. சாப்பாடு ஆறிப்போவுதாம்."

நான் அழைப்பைத் துண்டித்தேன்.

"தம்பி" என்று அந்த இளைஞனிடம் போனேன். "எங்களுக்குத் தெரியாது. நான்தான் எடத்த மாத்தி..."

"தெரியுதுங்க." குரல் உயரவில்லை. "மொட்டையப் பத்திக் கேட்டப்பவே சந்தேகந்தான். பெரியப்பாகிட்ட சொன்னேன். எலையில உக்காந்தவங்கள ஒண்ணும் கேக்காதடான்னுட்டாரு. சாப்ட்டது பரவால்லங்க. இந்த வீட்டுல அடிக்கடி நடக்கணும்னு சொன்னீங்கள்ல, அத மட்டும் திருப்பி எடுத்துக்குங்க."

எப்படி எடுத்துக்கொள்வது? மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"அப்புறம் அந்த அக்காவ வீடியோவ அழிக்கச் சொல்லுங்க. கதவு வழியா அம்மா தெரியுறாங்க."

எங்கள் ஆட்களிடம் போய்ச் சொன்னேன். அவர்களில் சிலர் வடையைக் கடித்துக்கொண்டே இருந்தார்கள். சொன்னதும் ஆளாளுக்கு ஒன்று பேசினார்கள். "தெரியாமதானே நடந்துச்சி." "நம்ம மேல என்ன தப்பு?" "வா, வா, பஸ்ஸுல ஏறு." கை கழுவாமலே பாதிப் பேர் பஸ்ஸுக்குள் போய்விட்டார்கள். தலைமையாசிரியை அம்மா காணொளியை அழிக்கக் கைபேசியைத் திறந்தார். அதற்குள் கிள்ளானில் இருந்தவர்கள் கட்டை விரலும் இதயமும் போட்டு அதை வேறு இடங்களுக்கும் அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொருவரையும் அழைத்து, "அழிச்சிருங்க, தயவு செஞ்சி அழிச்சிருங்க, ஏன்னு கேக்காதீங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். எந்தக் கூட்டத்திலும் அதட்டியே பழகிய குரல் அது.

என் மனைவி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழம்புப் பெண்ணிடம் சொன்னது நினைவுக்கு வந்திருக்கும். பிறகு எழுந்து, கையைக் கழுவி, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நேராக வீட்டுக்குள் போனாள். நான் தடுக்கவில்லை.

எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான் இருந்தது. ஓட்டுநரிடம் போய், இடம் மாறிவிட்டது, இது இறந்தவர் வீடு, கோயிலில் நமக்கு வைத்திருக்கும் சாப்பாட்டை இங்கே கொண்டுவர வேண்டும் என்று மலாயில் திக்கித் திக்கிச் சொன்னேன். "அல்லாஹ்" என்றார் அவர். சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டு பஸ்ஸில் ஏறினார்.

கோயில் இரண்டாம் வளைவில் இருந்தது. பந்தலும் இருந்தது, சின்னதாக. நான்கு பெண்கள். இலைகளைக் கழுவி அடுக்கி வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கண்ணே போனீங்க எல்லாரும்? அப்பளம் நமுத்துப் போச்சி!" என்றாள் மூத்தவள்.

சொன்னேன். அவள் கரண்டியை வைத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

"அந்த அண்ணன் காரியத்துக்குக் காலையில பூசைக்கே போவணும்னு இருந்தோம்" என்றாள். "டூர் ஆளுங்களுக்கு நேரத்தோட சமைக்கணும்னு சொன்னாங்களேன்னு போவல. முன்னாடி இஸ்கூல் பஸ் ஓட்டுனப்ப எங்க புள்ளைங்கள ஏத்திட்டுப் போன மனுசன், அண்ணே. என்னா மழ பேஞ்சாலும் வீட்டு வாசல்லயே எறக்கி விடுவாரு."

இன்னொருத்தி, "பேசிக்கிட்டு நிக்காதக்கா, எடு அந்த அண்டாவ" என்றாள்.

பஸ்ஸுக்கு அடியில் பெட்டி வைக்கும் இடத்தில் எங்கள் பைகளை ஒதுக்கி, அண்டாக்களை ஏற்றினோம். சோற்று அண்டாவை ஓட்டுநரும் நானும் தூக்கினோம். அவர் பக்கம் உயர்ந்து என் பக்கம் தாழ்ந்து, கை சுட்டு, பருப்பு வாளி சாய்ந்து என் கால்சட்டையெல்லாம் ஆனது. மேலே குளிர்ப்பதனத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்கள் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார்கள். இருவர் இறங்கி வந்து கை கொடுத்தார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். அந்த நான்கு பெண்களும் பஸ்ஸின் நடைபாதையில் நின்றுகொண்டே வந்தார்கள். இடம் கொடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் பாதி வழியில்தான் உறைத்தது.

தொழிற்சாலை ஆட்கள் கொஞ்சம்தான் காத்திருந்திருப்பார்கள். சாப்பாடு இறங்கியதும் மகன் இலை போட்டான். நான் கரண்டியை எடுத்துக்கொண்டு பந்திக்குப் போனேன். எதையாவது செய்ய வேண்டும்போல் இருந்தது. வெள்ளை வேட்டிப் பெரியவர் வந்து என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"இருக்கட்டுங்க. இது எங்க வீட்டு வேல" என்றார்.

சண்டைக்காரர் குரல் இல்லை அது. ஒரு நாற்காலியைக்கூடக் காட்டினார். ஆனால் நான் பரிமாறக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். நான் நாற்காலியில் உட்காரவும் முடியாமல், பஸ்ஸுக்குப் போகவும் முடியாமல் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சமைத்த பெண்கள் நால்வரும் உள்ளே போனார்கள். போனதும் அழுகுரல் எழுந்தது. அந்தக் காலையில் அந்த வீட்டில் எழுந்திருக்க வேண்டிய அழுகை அது. எங்களுக்கு அப்பளம் பொரித்துக்கொண்டிருந்ததால் தள்ளிப்போயிருந்தது.

அப்போதுதான் வழிகாட்டி வேனில் வந்து இறங்கினான். மலையில் தொலைந்த தம்பதி பின்னால் பசியோடு வந்தார்கள். நடந்ததைக் கேட்டதும் அவன் முகம் வெளுத்துவிட்டது. பெரியவரிடம் போய் ஏதோ சொல்லப் பார்த்தான். அவர், "தாப்பா, தம்பி, பரவால்ல" என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார். என்னிடம் வந்து கையை நீட்டினான். விசிலைக் கழற்றிக் கொடுத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஏறுங்கண்ணே, டைம் ஆச்சி" என்றான்.

போகும் முன் மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும் என்று நான் முடிவு செய்திருந்தேன். என்ன சொல்வது என்றுகூட மனத்துக்குள் கோத்து வைத்திருந்தேன். பெரியவரும் மகனும் பந்தல் ஓரத்தில் நின்றிருந்தார்கள். அவர்களை நோக்கி நடந்தேன். வீட்டுக்குள்ளிருந்து வந்த என் மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

"எங்க போறீங்க?"

"ஒரு வார்த்த சொல்லிட்டு..."

"காரிய வீட்டுல யாராச்சும் சொல்லிக்கிட்டுப் போவாங்களா? பேசாம வாங்க."

நான் மறந்தே போயிருந்தேன். இறப்பு வீட்டிலிருந்து போகும்போது போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. வந்தவர்கள் அப்படியே எழுந்து போய்விட வேண்டும். வீட்டுக்காரர்களும் பார்க்காததுபோல் இருந்துவிடுவார்கள். தொழிற்சாலை ஆட்களும் அப்படித்தான் கை கழுவிவிட்டு ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இருந்தாலும் நான் இரண்டடி முன்னால் போனேன். பெரியவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகனும் திருப்பிக்கொண்டான். அது வழக்கத்துக்காகத் திருப்பியதா, என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் திருப்பியதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பஸ் பட்டர்வொர்த்தை நெருங்கும்போது, பினாங்குக்குப் போய் நாசி கண்டார் சாப்பிடுவது என்ற திட்டம் நேரமில்லாமல் கைவிடப்பட்டதாக வழிகாட்டி அறிவித்தான். பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. யாரால் இவ்வளவு நேரம் போனது என்று ஒருவர் எனக்குக் கேட்கும்படியே கேட்டார். ஈப்போ தாண்டியதும் யாரோ பாட்டுப் போடச் சொன்னார்கள். போட்டார்கள்.

"உள்ள என்னா பேசுன?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"ஒண்ணும் பேசல. அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காந்திருந்தேன்" என்றாள். "கொழம்பு வாளியோட நின்னுச்சே, அந்தப் பொண்ணு. அடுத்த மாசம் பரீட்சையாம்."

கால்சட்டையில் சிந்திய பருப்பு காய்ந்து விறைத்துப்போயிருந்தது. கிள்ளான் வரும்வரை அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தேன்.